சிறுதேர் யாருக்கு?

பிள்ளைத்தமிழைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பத்துப் பருவங்களில் காப்பு முதல் அம்புலி வரையான ஏழும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவினை வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். சக்கரம் வைத்த பொருளும் சத்தம் எழுப்பும் பொருளும் பையனுக்குப் போய்விடுகின்றன. சிற்றில் பருவத்திலோ, சிறுமியர் கட்டிய மணல் வீட்டை அவன் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். இதைப் பக்திச் சுவை என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நானும்.

பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் வருகிறது. முற்றத்தில் காயும் உணவைக் கொத்தவரும் கோழியின்மீது பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அந்தக் குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேருக்கு வழிமறிப்பாகக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்துக்குச் சான்று என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். காய்வதைக் காவல் காப்பது யார், தேர் உருட்டுவது யார் என்று வகுப்பில் நான் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஒரு பள்ளிக் கண்காட்சி. சின்னசேலம் பக்கத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு, வெளியாள் ஒருவர் வேண்டும் என்று நடுவராக அழைத்திருந்தார்கள். பையன்களின் மேசையில் ரிமோட் கார், தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோ, கைதட்டினால் எரியும் விளக்கு. பெண்களின் மேசையில் கேஸ் கசிந்தால் கத்தும் கருவி, மழைத்துளி பட்டால் கொடித்துணியை உள்ளே இழுக்கும் கயிறு, ஆபத்தில் ஒலி எழுப்பும் செருப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. பழைய டிவிடி பிளேயரின் மோட்டாரைக் கழற்றி, அதில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்தி, பட்டையின்மேல் சின்னச் சின்ன எல்இடி விளக்குகளையும் பட்டன் செல்களையும் ஒட்டியிருந்தாள். அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் சுழலவிட்டதும் புள்ளிகள் வண்ண வளையங்களாயின. ஒரு வெளிச்சம் கண்ணிலிருந்து மறையும் முன் அடுத்தது வந்துவிடுகிறது என்று அவளே விளக்கினாள். “சரிம்மா, இதனால் என்ன பயன்?” என்றார் உடன் வந்த நடுவர். “சுத்துனா அழகா இருக்கும் சார்” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மதிப்பெண் தாளில் ‘சமூகப் பயன்’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் அவளுக்கு மூன்று போட்டேன். ரிமோட் காரின் பயன் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கவிதை எழுதுகிற நானும் கேட்கவில்லை.

பையன் நோண்டினால் ஆர்வம். பெண் நோண்டினால் அதற்கொரு காரணம் வேண்டும். அந்தக் காரணமும் அடுப்பாகவோ, துணியாகவோ, தன் உடம்பைக் காத்துக்கொள்வதாகவோ இருந்தால்தான் செல்லும். ‘இளம் விஞ்ஞானி’ என்று நாம் எழுதும் பாராட்டுகளை இந்த இடத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தோன்றுகிறது.

எங்களுக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையைச் சேர்ந்தவர் வினிஷா உமாசங்கர். தெருவோர இஸ்திரி வண்டியில் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, கரி இல்லாத வண்டியை யோசித்தார். கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி. ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேரத் தேய்ப்புக்குப் போதும் என்பது கணக்கு. 2020இல் சுவீடனின் குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில், பதினைந்து வயதில், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தலைவர்களின் வெற்று வாக்குறுதிகள்மீது தன் தலைமுறைக்கு இருக்கும் கோபத்தை அங்கே சொன்னார்.

வண்டியைப் பாராட்டியவர்கள் சிறுமியின் நல்ல மனதைப் பாராட்டினார்கள். இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தை வாரிக் குடிக்கும் பொருள். அதை ஒரு கூரையளவு வெயிலுக்குள் அடக்குவது கடினமான புதிர். அந்தப் புதிரில் ஒரு பெண்ணின் மூளை கண்ட சுகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. புகையைப் பற்றிப் பேசியவர்களும், தேய்ப்புத் தொழில் நெடுங்காலம் வண்ணார் சமூகத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததைப் பேசவில்லை. சாதியும் மறைந்தது, விளையாட்டும் மறைந்தது; மிஞ்சியது சேவை. எனக்கு அது ஒரு பெண் செய்த சிறுதேர்.

இதோடு ஒப்பிட இன்னொரு செய்தி. 2017 ஜூனில் பள்ளப்பட்டி இளைஞர் ரிஃபாத் ஷாரூக்கும் அவருடைய குழுவும் செய்த 64 கிராம் கலாம்சாட், நாசாவின் ராக்கெட்டில் பறந்தது. சுற்றுப்பாதைக்குப் போகாமல் மேலே சென்று திரும்பும் ராக்கெட் அது. உலகிலேயே சிறியது, எடை குறைந்தது என்பதே கொண்டாடப் போதுமானதாக இருந்தது. கொண்டாட்டம் நியாயமானதே. செய்து பார்க்கும் ஆசைக்குக் கிடைத்த அந்த மரியாதை பெண்ணுக்கும் வேண்டும் என்கிறேன்.

அந்தக் குழுவுக்குப் பின்னாலிருந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, பிறகு அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரைச் சேர்த்து ஆசாதிசாட் செய்தது. நம் திருமங்கலம் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. சுமார் எட்டு கிலோ எடை, 75 சிறு கருவிகள். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய சிறு ராக்கெட் அதைச் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை, செயற்கைக்கோள் வீணாயிற்று. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. எனக்கு முக்கியம் இடைப்பட்ட ஆறு மாதம். தோற்ற பிறகும் பெண்களுக்கு இன்னொரு ராக்கெட் கிடைத்தது. வீட்டில் அப்படி இல்லை. மிக்சியைக் கழற்றி மாட்டத் தெரியாமல் விழித்த மகன் பிற்காலத்தில் அதை நகைச்சுவையாகச் சொல்லுவான். மகள் கழற்றினால் அன்றோடு ஸ்க்ரூடிரைவர் பரணுக்கு ஏறிவிடும்.

நோண்டுவதற்குப் பொழுதும் வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்டது. வீட்டு வேலை செய்த பெண்கள் அப்போது அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். பள்ளிவிட்டு வந்ததும் தண்ணீர்க் குடத்தை எடுப்பவளுக்கு, ஒரு மோட்டார் ஏன் சுற்றவில்லை என்று இரண்டு மணி நேரம் முறைத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. பெண்களுக்கு அறிவியல் ஆர்வம் குறைவு என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போடட்டும்.

கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பெண்களுக்கு விருதுக்கு முன்னால் தேவைப்படுபவை சில: பழைய ரேடியோ ஒன்று, ஒரு சால்டரிங் அயர்ன், கெட்டுப்போனால் திட்டாத ஒரு டீச்சர், சனிக்கிழமை மதியம் முழுதும். என்ன செய்தாய் என்று கேட்கலாம். யாருக்காகச் செய்தாய் என்று கேட்க வேண்டாம்.

இந்த ஆண்டு சிற்றில் பருவத்தை நடத்தும்போது, கெஞ்சும் சிறுமியரின் பக்கம் நின்று வாசிக்கலாம் என்றிருக்கிறேன். மணல் வீட்டைக் கட்டக் கற்றவர்கள் அவர்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இந்நேரம் பள்ளியை முடித்திருப்பாள். மறுபடி மோட்டாரைக் கையில் எடுத்தாளா என்று விசாரிக்கலாம். பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்று மதிப்பெண்ணை நினைத்து இன்னும் போகாமல் இருக்கிறேன்.