25 அடி நீளத் தெரு

மாமல்லபுரத்தில் காரை விட்டு இறங்கினால் யாராவது ஓடி வந்து பிக்சர் போஸ்ட் கார்டு கொத்து ஒன்றை உதறிக் காட்டுவார்கள். சரசரவென்று மடிப்பு மடிப்பாக முழங்கால் வரை விரியும். அதே மாதிரி விரிகிற புத்தகம் ஒன்று உண்டு. முழுசாகப் பிரித்தால் ஏறக்குறைய 25 அடி. நம் ஃப்ளாட்டுகளில் ஹாலில் ஆரம்பித்தால் சமையலறையில் போய் நிற்கும்.

பெயர் ‘எவ்ரி பில்டிங் ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்’. எட் ருஷே என்ற அமெரிக்க ஓவியர் 1966-ல் சொந்தக் காசில் போட்டது. (பெயரை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்களே என்று விசிட்டிங் கார்டிலேயே உச்சரிப்பை அச்சடித்து வைத்திருந்தவர்.) லாஸ் ஏஞ்சலஸில் சுமார் ஒன்றரை மைல் தூரத்துக்கு ஒரு கட்டடம் விடாமல் முகப்புகள், கறுப்பு வெள்ளையில். பக்கத்தின் மேலே ஒரு சாரி, கீழே எதிர்ச்சாரி தலைகீழாக. நடுவில் வெறும் காகிதம். அதுதான் ரோடு.

பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு நிக்கான். ஃபிலிமை மோட்டாரே நகர்த்திவிடும். வண்டி போகப் போக எடுத்துக்கொண்டே போய் ஒட்டிவிட்டார். ஒட்டு விழுந்த இடத்தில் பாதி கார் காணாமல் போயிருக்கும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

‘இதிலே என்ன சார் கலை?’ என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சன்செட் ஸ்ட்ரிப் என்றாலே நியான் விளக்கும் பெரிய பெரிய விளம்பரப் பலகைகளும். கலரில் எடுத்திருந்தால் கண் நேராக அங்கேதான் போகும். கறுப்பு வெள்ளையில் பெட்ரோல் பங்க், மதுக்கடை, காலி மனை எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் அந்தஸ்து. 8024-ம் எண்ணில் இருந்த ஷ்வாப்ஸ் மருந்துக்கடையை 1988-ல் இடித்தார்கள். கூரையைக் காகிதம் மாதிரி மடித்துக் கட்டிய லிட்டன் சேவிங்ஸ் பாங்க் 2021-ல் போயிற்று.

இதற்கு நேர் எதிர் கேப்ரியேலே பசிலிகோ. இத்தாலிக்காரர், ஆர்க்கிடெக்சர் படித்தவர். 1978 ஈஸ்டர் விடுமுறையில் மிலான் நகரத்தின் புறநகர்த் தொழிற்சாலைகளைப் படமெடுக்கக் கிளம்பினார். காற்றடித்து வானம் பளிச்சென்றிருந்தது, தெருவில் ஆள் இல்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் மல்லாக்க விழுகிற மாதிரி கோடுகள் சாயும் அல்லவா? அவர் படங்களில் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். பாதி முகத்தில் வெயில், பாதியில் கருநிழல். தொழிற்சாலைகளின் ‘உருவப்படங்கள்’ என்றே பெயர் வைத்தார். கண்ணுக்கு எது சுகம் என்றால் பசிலிகோதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் அழகான மூஞ்சியாகப் பார்த்துப் பொறுக்கியவர். ருஷே பொறுக்கவில்லை. அதனால்தான் யாரும் அழகென்று எடுத்திருக்க மாட்டாத கடைகளெல்லாம் தப்பித்து நம்மிடம் வந்திருக்கின்றன.

ருஷேயிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. புத்தகம் வந்த அதே 1966 நவம்பரில் அதே சாலையில் இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் பெரிய மோதல். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் சுற்றக் கூடாது என்ற ஊரடங்கை எதிர்த்து ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள். படங்கள் அதற்கு முன்பே எடுத்தவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இருபத்தைந்து அடியிலும் மனிதர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தெரு யாருடையது என்று சண்டை வரப்போகிற இடத்தில் கதவு, ஜன்னல், கதவு எண். எந்த அபிப்பிராயமும் சொல்லாத புத்தகம் என்று விமரிசகர்கள் புகழ்கிறார்கள். ஆளை விட்டுவிட்டதும் ஓர் அபிப்பிராயம்தானே!

அவர் அதோடு நிறுத்தவில்லை. அதே சாலையைப் பல வருஷங்களாகத் திரும்பத் திரும்ப எடுத்தார். அவற்றில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை கெட்டி ஆய்வு நிறுவனம் 2020-ல் இணையத்தில் வைத்துவிட்டது. வருஷத்தை மாற்றி மாற்றி அந்த ரோட்டில் சும்மா போய்வரலாம், பெட்ரோல் செலவில்லை.

கறுப்பு வெள்ளை ஃபிலிம் இன்னும் கிடைக்கிறது. ரோலுக்கு 36 படம். உங்கள் தெருவை எடுப்பதென்றால் ஆளில்லாத விடியற்காலை வேண்டாம். எட்டரை மணிக்குப் போங்கள். இட்லிக்கடைக்காரம்மா, ‘எதுக்குப்பா எடுக்கிறே?’ என்று கேட்பார். அவரும் இருக்கட்டும்.