வாசிப்பவன் காது

ஜாஸ் கேட்பவன் என்று சொல்லிக்கொள்வதற்கு நம் வட்டத்தில் ஒரு மதிப்பு உண்டு. கோல்ட்ரேன், மங்க், மைல்ஸ் டேவிஸ் என்று பெயர்கள் வந்து விழும். எதைக் கேட்டோம், எந்த இடத்தில் காது நின்றது, ஏன் நின்றது என்ற பேச்சு மட்டும் வராது. இலக்கியத்தில் பெயர் உதிர்ப்பவனைக் கிண்டல் செய்கிற அதே ஆட்கள் சங்கீதம் என்று வந்ததும் அதையே செய்கிறார்கள். இதை ஒழுக்கக்கேடு என்று சொல்லவரவில்லை. இவர்கள் போற்றுகிற ஜாஸ் கலைஞர்கள் யாரும் இப்படிக் கேட்கவில்லை என்பதுதான் என் ஆட்சேபம்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங் தனக்கு மிகப் பிடித்ததாகக் காலமெல்லாம் சொல்லிவந்த வாத்தியக் குழுக்களில் ஒன்று கை லம்பார்டோவுடையது. ஜாஸ் விமரிசகர்களுக்கு லம்பார்டோ என்றால் சர்க்கரைப் பாகு. ஹோட்டல் கூடத்தில் வயதானவர்கள் ஜோடி ஜோடியாக மெதுவாகச் சுற்றிவருவதற்கான சங்கீதம். ஆர்ம்ஸ்ட்ராங் மரியாதைக்குச் சொல்கிறார், வெள்ளைக்காரர்களைத் திருப்திப்படுத்தச் சொல்கிறார் என்றெல்லாம் சமாதானம் சொல்லிப்பார்த்தார்கள். 1930ஐ ஒட்டி அவர் கொடுத்த இசைத்தட்டுகளில் பின்னால் வரும் சாக்ஸபோன் வரிசையைக் கேட்டால் சமாதானங்கள் நிற்கமாட்டா. அந்தக் குழைவு லம்பார்டோவிடமிருந்து வந்தது. அந்த மெத்தையை விரித்துக்கொண்டுதான் ட்ரம்பெட் அதன்மேல் தனியாக, கூர்மையாக நிற்கிறது. சார்லி பார்க்கர் ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கிராமத்து வெள்ளையர்களின் 'கன்ட்ரி' பாட்டுகளைக் கேட்பாராம். கூட இருந்தவர்கள் திகைத்துப்போய்க் காரணம் கேட்டபோது அந்தப் பாட்டுகளில் வரும் கதைகளைக் கவனிக்கச் சொன்னார் என்று நாட் ஹென்டாஃப் எழுதியிருக்கிறார். இதே பார்க்கர் ஸ்ட்ராவின்ஸ்கியைக் கொண்டாடினவர், எட்கார் வரேஸிடம் பாடம் கேட்க ஆசைப்பட்டவர். நம் நண்பர்கள் இரண்டாவது செய்தியை உடனே நினைவில் வைத்துக்கொள்வார்கள். முதல் செய்தியை ஒரு வேடிக்கையாக ஒதுக்கிவிடுவார்கள். பார்க்கருக்கு இரண்டும் வேறு வேறு அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்காக அவர்களுக்கு எல்லாம் சமம் என்று எண்ணிவிடக் கூடாது. 'கண்கட்டுச் சோதனை' என்று ஒரு பத்திரிகைப் பகுதி. லெனர்ட் ஃபெதர் 1946இல் 'மெட்ரனோம்' பத்திரிகையில் தொடங்கி, 1951இல் 'டவுன் பீட்'டுக்கு எடுத்துப்போனது. ஒரு கலைஞரை உட்காரவைத்து, வாசிப்பது யார் என்று சொல்லாமல் இசைத்தட்டைப் போட்டு அபிப்பிராயம் கேட்பார்கள். மைல்ஸ் டேவிஸ் அதில் காட்டிய கொடூரம் பிரசித்தம். 1964இல் எரிக் டால்ஃபியின் வாசிப்பைக் கிழித்துப் போட்டார். அதே டால்ஃபியை, மைல்ஸ் குழுவில் 1960 வரை இருந்த ஜான் கோல்ட்ரேன், 1961இல் தன்னோடு சேர்த்துக்கொண்டு 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தார். கோல்ட்ரேன் அப்போது ரவிசங்கரைத் தீவிரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். ஆக இரண்டு மகா கலைஞர்களுக்கு ஒரே ஆளைப் பற்றி எதிரெதிரான தீர்ப்பு. யார் சொன்னது சரி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. இருவருக்கும் வேலைக்கு எது வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கோல்ட்ரேனுக்கு ஒரே ஆதார ஸ்வரத்தின் மேல் நெடுநேரம் நிற்கும் வழி வேண்டியிருந்தது. மைல்ஸுக்கு இடைவெளி வேண்டியிருந்தது. ரசிகனுக்கு ரசனை என்பது ஒரு சொத்து, வேலி போட்டுக்கொள்கிறான். வாசிப்பவனுக்கு அது பசி.

தஞ்சாவூர்க்காரன் இதையெல்லாம் அமெரிக்காவில் போய்த் தேட வேண்டியதில்லை. திருவாரூரில் பிறந்த முத்துஸ்வாமி தீக்ஷிதரைவிடக் கனமான சங்கீதம் காவிரிக் கரையில் யாரும் செய்ததில்லை. கமலாம்பா நவாவர்ணங்களின் நடையைத் தேர் நகர்வதோடுதான் ஒப்பிட முடியும். அதே மனிதர் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாண்டு கேட்டு, அந்த ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள், சுமார் 40. கமகம் இல்லை, சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் வெறுமனே அடுத்தடுத்து நடக்கும். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு அதில் ச்யாமளா தேவியின் மேல் பாட்டாகியிருக்கிறது. நம் சங்கீத உலகம் இதற்கு என்ன செய்தது? குழந்தைகளுக்கான பாடம் என்று ஒதுக்கிவைத்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் லம்பார்டோ மோகத்தை விமரிசகர்கள் மறைத்ததும் இதுவும் ஒரே காரியம். அசைவும் குழைவும் தன் மூச்சாக இருந்த ஒருவர் அசையாத ஸ்வரத்தை எதற்கு இவ்வளவு ஆசையாக எடுத்துவைத்துக்கொண்டார்? இந்தக் கேள்வியைக் கேட்டால் தீக்ஷிதரைப் பற்றியே வேறு விதமாக யோசிக்க வேண்டிவரும்.

நான் அடிக்கடி யோசிக்கிற ஒரு பொருத்தம் உண்டு. ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ராணுவ பாண்டு வழியாகத்தான் கறுப்பர் கைக்கு வந்தன. இங்கே இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) அரண்மனையில் மேற்கத்திய பாண்டு வைத்திருந்தார். தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி சென்னையை அடுத்த மணலியில் வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு ஸ்வாதித் திருநாள் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தது 1834இல். சின்ன மேளத்தில், அதாவது சதிர்க் கச்சேரியில், கிளாரினெட் நுழைந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். இரண்டு நெல்லும் கரும்பும் விளைகிற டெல்டாக்கள், இரண்டிலும் பட்டாளத்தின் வாத்தியங்கள். அங்கே வந்தது வந்ததாகவே தெரிந்தது, அதன் பெயர் ஜாஸ் ஆயிற்று. இங்கே வந்தது ஒரு தலைமுறைக்குள் உள்ளூர்க்காரனாகிவிட்டது. பிடிலைப் பார்த்து அந்நியம் என்று இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. இவ்வளவு தாராளமாக வாங்கிப்போட்டுக்கொண்ட காதுதான் பிறகு 'சுத்தம்' என்று பேசத் தொடங்கியது.

நாகஸ்வரத்துக்கு வருகிறேன். ஜாஸுக்கும் நாகஸ்வரத்துக்கும் மனோதர்மத்தை வைத்து ஒப்புமை சொல்வது வாடிக்கை, சோம்பேறித்தனமானது. உண்மையான ஒற்றுமை கேட்பதற்கு அமைந்த இடத்தில் இருந்தது. சுவாமி புறப்பாடு இரவெல்லாம் நடக்கும். மல்லாரியோடு கிளம்பி, வீதி முனையில் நின்று ராகம் ஒரு மணி, இரண்டு மணி நேரம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் டிக்கெட் வாங்கினவன் இல்லை. அடுத்த முனையில் வேறொரு செட்டு காத்திருக்கும். முந்தினவன் விட்ட இடத்திலிருந்து இவன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் சிரிக்கும். கோவில், மடத்து நிலங்களின் நெல்தான் இதற்குக் கூலி. கன்சாஸ் சிட்டியில் சாக்ஸபோன்காரர்கள் விடியவிடிய ஒருவரையொருவர் மடக்கப் பார்த்ததும் இப்படித்தான். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் நிற்பவனைக் கேட்காமல் பிழைக்க முடியாது.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) முதலில் கற்றது வாய்ப்பாட்டு. பாட்டுக்காரனின் காதோடு குழலை எடுத்ததால்தான் நான்கு, ஐந்து கட்டையில் அலறுகிற திமிரி அவருக்குப் போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமும் கனமும் கூடிய பாரியைக் கொண்டுவந்தார். ஒத்தைத் தள்ளிவிட்டு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டார். கிராப்பும் கோட்டும் போட்டுக்கொண்டார். எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் எடுத்த 'காளமேகம்' (1940) படத்தில் நடித்தார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றபடி வாசிக்க வேண்டும் என்ற ஜாதி விதியை மீறி மேடையில் உட்கார்ந்தார். கோட்டும் பாரியும் மேடையும் ஒரே மனசின் காரியங்கள். தோடியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் அவருக்கு அநியாயம் செய்கிறார்கள்.

தி. ஜானகிராமனின் 'செய்தி' கதையை எல்லோரும் படித்திருப்பார்கள். வெள்ளைக்கார இசைக் குழுவின் தலைவர் போல்ஸ்கா, நாகஸ்வர வித்வானின் சாமா ராகத்தில் உலகத்துக்கு ஒரு செய்தி இருப்பதை உணர்கிறார். கதை நன்றாக எழுதப்பட்ட கதை, சங்கீதம் தெரிந்தவர் எழுதினது. ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாம் கொடுக்கிறோம், அவர் வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொண்டது சங்கீதம்கூட இல்லை, சாந்தி. பிலிப் போல்ஸ்கா கடைசிவரை குழலை வாயில் வைத்துப் பார்ப்பதில்லை.

நிஜத்தில் ஒருவர் வைத்துப் பார்த்தார். சார்லி மரியானோ, 1923இல் பாஸ்டனில் பிறந்தவர், பார்க்கர் வழியில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். சார்லி மிங்கஸின் 1963ஆம் வருஷத்து மகத்தான இசைத்தட்டான 'த பிளாக் ஸெய்ன்ட் அண்ட் த ஸின்னர் லேடி'யில் கதறுகிற அந்த ஆல்டோ இவருடையது. 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் இருந்தபோது நாகஸ்வரம் அவர் காதில் விழுந்தது. பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து, ஆசிரியரிடம் உட்கார்ந்து கற்றார். 40 வயதைத் தாண்டியவர், தன் வாத்தியத்தில் பெயர் வாங்கியவர், மறுபடி ஸரளி வரிசை. 1970களில் ஐரோப்பாவில் வந்த அவருடைய தட்டுகளில் நாகஸ்வரம் கேட்கும். 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' (1976) அதில் ஒன்று. நம் காதுக்கு அதில் கமகம் போதாது. ராகம் தேடிப் போகிறவன் ஏமாந்து திரும்புவான். சீவாளியின் அந்தப் பிளிறலை, ஸ்வரம் உடைகிற விளிம்பை அவர் எடுத்துக்கொண்டார், மற்றதை விட்டுவிட்டார். தீக்ஷிதர் பாண்டு மெட்டில் செய்ததும் இதுவே. பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு 1983இல் அவர் செய்த 'ஜோதி' இன்னும் நிதானமான காரியம். ராமமணியின் குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்திருக்கிறது. 2009இல் ஜெர்மனியில் காலமானார். தமிழில் அவரைப் பற்றி அஞ்சலி எதுவும் என் கண்ணில் படவில்லை.

மரியானோவின் தட்டையும் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பதிவையும் ஆடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் வயதான நாகஸ்வர வித்வான் ஒருவருக்குப் போட்டுக்காட்டினேன். கூட ஒரு கவிஞர் நண்பர். பெரியவர் மரியானோவைக் கேட்டுவிட்டு, "சீவாளி அவரைக் கடிக்குது தம்பி, இன்னும் ஊறணும்" என்றார். கோல்ட்ரேனுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன ராகம் என்ற பேச்சே இல்லை. "இது ஒத்தை நாக்கு இல்லே? மூச்சு முடியற எடத்துல ஸ்வரத்தைக் கீழ விடாம நிறுத்தறாரு பாருங்க. தவுல் யாரு? விடாம நெருக்கறாரே மனுஷன்." எல்வின் ஜோன்ஸ் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நீங்கள் வீட்டில் என்ன கேட்பீர்கள் என்று நண்பர் கேட்டார். ராஜரத்தினம், காருக்குறிச்சி என்று வரும் என எதிர்பார்த்தார் போலிருக்கிறது. "டி. ஆர். மகாலிங்கம்" என்றார் பெரியவர். "மேல் ஷட்ஜத்துல போய் நின்னுக்கிட்டு வார்த்தையைத் தெளிவா சொல்றாரு. எங்க மூச்சு வாங்கறார்னு அம்பது வருஷமா தேடறேன், ஆப்படல."

பஸ்ஸுக்கு நிற்கும்போது நண்பர் சொன்னார்: "நல்ல வித்வான். ரசனைதான் போதாது."

இந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நண்பர் நல்ல கவிஞர், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சினிமாப் பாட்டு கேட்கிறவனுக்கு ரசனை இல்லை என்பது நாற்பது வருஷமாக நம் பத்திரிகைகளில் ஸ்தாபிதமான உண்மை. வணிக எழுத்தோடு சண்டை போட நமக்கு அது தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்ட பாட்டில் மூச்சு எங்கே என்று தேடுகிறவனுக்கும், கேட்காமலே பெயர் சொல்கிறவனுக்கும் நடுவில் நாம் எந்தப் பக்கம் கோடு போட்டுவைத்திருக்கிறோம்? வசன நடை என்ற ஒன்றுக்காக உழைக்கிறவன், பஞ்சாயத்தில் பேசுகிற பெரியவரின் வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று கேட்டிருக்க வேண்டும். பார்க்கர் ஜூக்பாக்ஸின் முன்னால் நின்றது அதற்குத்தான். நம்மில் பலர் மொழிபெயர்ப்பில் வந்த ரில்கேயிடமிருந்து மட்டும் நடையைக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறோம், அது தெரிகிறது.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம் கிடைப்பது கஷ்டமாகி, பழைய வீடுகளின் உத்தரங்களை வாங்கி அறுக்கிறார்கள். கல்யாணங்களுக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வந்து நிற்கிறது. இதற்கும் நம் ரசிகர்கள் வருத்தப்படுவார்கள், ஒரு பத்தி எழுதுவார்கள். பெரியவரின் பேரன் அந்தச் செண்டைக்காரர்களின் கணக்கை வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். தாத்தா அவனைத் தடுக்கவில்லை.

தை அறுவடை முடிந்ததும் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடி கிடைக்கும். கண்கட்டுச் சோதனை ஒன்று நடத்தலாம் என்றிருக்கிறேன். ஒரு நோட்டு ஸ்வரம், லம்பார்டோ, மரியானோவின் நாகஸ்வரம், செம்பொன்னார்கோவில் சகோதரர்களின் ரக்தி, டி. ஆர். மகாலிங்கம். உறைகள் எல்லாம் கீழே பூட்டிய அலமாரியில் இருக்கும். கவிஞர் நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்க்கச் சொன்னார்.