அமாத்தே தாளில் எழுதிய நில உரிமை: மேல் பால்சாஸ் ஓவியர்கள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

மெக்சிகோ ஓவியம் என்றவுடன் ரிவேரா, ஒரோஸ்கோ, சிகேய்ரோஸ் ஆகிய மூவரின் சுவரோவியங்களே நினைவுக்கு வருகின்றன. 1920களில் அரசின் ஆதரவோடு எழுந்த அவ்வியக்கம், பொதுக் கட்டடங்களின் சுவர்களில் பழங்குடி மக்களை வரலாற்றின் நாயகர்களாக நிறுத்தியது. ஆயினும், அச்சுவர்களில் அம்மக்கள் வரையப்பட்டவர்களே. வரைந்தவர்கள் நகரக் கலைஞர்கள். கெரெரோ மாநிலத்தின் வறண்ட மலைப்பகுதியில் பால்சாஸ் ஆற்றை ஒட்டி வாழும் நாவா மக்கள் தங்களைத் தாங்களே வரைந்தவர்கள். அவர்தம் ஓவியங்களைச் 'சுற்றுலாச் சந்தைப் பொருள்' என ஒதுக்குவது தகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களிமண்ணிலிருந்து தாளுக்கு

இக்கலை தொன்மையானது என்னும் கூற்று பாதி உண்மையே. மரப்பட்டையை வேகவைத்துக் கல்லால் தட்டிச் செய்யப்படும் அமாத்தே தாள், ஸ்பானியர் வருகைக்கு முற்பட்டது. புவெப்லா மாநிலத்துச் சான் பாப்லித்தோவில் ஓட்டோமி மக்கள் அதனைச் சடங்குகளுக்காகக் காத்து வந்தனர். ஆனால், அத்தாளில் நாவா ஓவியர்கள் வரையத் தொடங்கியது 1960களின் தொடக்கத்தில்தான். அதுவரை அமேயால்தெப்பெக் முதலிய ஊரினர் மட்கலங்களில் பூவும் பறவையும் தீட்டி விற்றனர். மெக்சிகோ நகரில் கலைப்பொருள் வணிகரும் ஓவியரும் தந்த ஊக்கத்தால் அக்கோலங்கள் தாளுக்கு இடம்பெயர்ந்தன. மட்கலம் கனமானது, உடையக்கூடியது. தாளையோ சுருட்டித் தோளில் சுமக்கலாம். ஆக, ஓர் இனத்தார் செய்த தாளில் மற்றோர் இனத்தார் வரைந்து, நகரத்தார் வாங்கிய புதுக்கலை இது. இதன் பிறப்பில் வணிகத்திற்குப் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பூவும் பறவையும் நிறைந்தவை ஒரு வகை. 'கதைகள்' எனப்படுபவை மற்றொரு வகை. பின்னதில் உழவு, திருமணம், மீன்பிடித்தல், திருவிழா, இறுதி ஊர்வலம் ஆகியன ஒரே தாளில் அடுக்கடுக்காக இடம்பெறும். ஒற்றைப் பார்வைக் கோணம் இல்லை. ஊரே நடுவில் நின்று பேசுகிறது. இவற்றுள் பலவும் துன்பமற்ற சிற்றூரையே காட்டின என்பது ஏற்கத்தக்க குறையே. வாங்குவோரின் விருப்பம் தூரிகையை வழிநடத்தியது எனலாம்.

அணையும் ஓவியமும்

இக்குறையை மறுபரிசீலனை செய்யத் தூண்டியது 1990ஆம் ஆண்டு. சான் ஹுவான் தெதெல்சிங்கோ நீர்மின் அணைத் திட்டம் நிறைவேறினால் தம் ஊர்கள் நீரில் மூழ்கும் என்பதை அறிந்த மேல் பால்சாஸ் மக்கள், தமக்கென ஒரு மன்றம் அமைத்துப் போராடினர். நெடுஞ்சாலையை மறித்தனர். ஓவியர்கள் அப்போராட்டத்தையும் அமாத்தே தாளில் வரைந்தனர். 1992இல் திட்டம் கைவிடப்பட்டது.

இங்குத்தான் பழைய 'கதை' ஓவியங்களின் பொருள் மாறுகிறது. வயல், கல்லறை, கோயில், ஆறு என ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்து முப்பதாண்டுகள் வரைந்த கைகள், தம்மை அறியாமலேயே ஒரு நில ஆவணத்தைத் தீட்டி வந்தன. வாங்குவோருக்கு அழகாகத் தோன்றியது, வரைந்தோருக்கு இழக்கவொண்ணாத உரிமையின் பட்டியலாயிற்று. விற்பனைக்காக ஊர் ஊராகச் சென்று பெற்ற ஸ்பானிய மொழிப் பழக்கமும் நகரத் தொடர்புகளும் போராட்டத்திற்குக் கைகொடுத்திருக்கும் எனக் கொள்வது தவறாகாது. சந்தை இக்கலையைச் சுருக்கியது. அதே சந்தை அம்மக்களின் குரலைத் தொலைவுக்கும் கொண்டு சென்றது.

அமேயால்தெப்பெக்கில் பிறந்த நிக்கோலாஸ் தெ ஹெசூஸ் இதன் அடுத்த கட்டத்திற்குச் சான்றாவார். சிகாகோவில் வாழ்ந்த காலத்தில், புலம்பெயர்ந்தோர் வாழ்வை எலும்புக்கூட்டு உருவங்களாக அமாத்தே தாளில் அச்சோவியமாக்கிய அவர், சுவரோவியங்களும் படைத்துள்ளார். தாளில் தொடங்கிய கலை இவ்வாறு சுவரையும் எட்டியது. இம்முறை தூரிகை பழங்குடியினர் கையில் இருந்தது.

முடிவுரை

இக்கலையைப் போற்றுவோர் அதன் விலையையும் கருத வேண்டும். பெருகிய தேவையால் பட்டை தரும் மரங்கள் அருகின. தாளை விரைந்து செய்யக் கடுங்காரம் கலக்கப்பட்டது. இச்சுமை ஓவியர்மீதன்றித் தாள் செய்யும் ஓட்டோமி மக்கள்மீதே விழுந்தது. எனினும், விற்பதற்காக வரையப்பட்டது என்பதாலேயே ஒரு கலை தாழ்ந்ததாகிவிடாது. அது யாருடைய கண்ணால் எந்த நிலத்தைக் காண்கிறது என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினா. அவ்வினாவிற்கு மேல் பால்சாஸ் ஓவியர்கள் 1990இல் தெளிவான விடை தந்துவிட்டனர்.