உமியும் உஷ்ணமும்

நீரைத் தேக்கி வைப்பதற்கே பானை வனைந்து வந்த மனிதன், அதைக் கசியவிடுவதற்கென்றே ஒரு பானை செய்யத் துணிந்தது சாமானியமான காரியமன்று. 1981-இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்பவர் உருவாக்க, 1998-இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவைச் சிதைத்த பிறகு ரான் ரிவேரா என்பவரின் அயராத உழைப்பால் பல தேசங்களுக்கும் பரவிய வடிபானை, களிமண்ணோடு மரத்தூளையோ உமியையோ கலந்து, அச்சில் அழுத்திச் சுடப்படுவது. தீயில் உமி எரிந்தொழிய, அது இருந்த இடம் வெற்றிடமாகி நீரோட்டத்தை விரைவாக்குகிறது. கிருமிகளைத் தடுப்பதோ, அவ்வெற்றிடங்களுக்கு நடுவே நிற்கும் மண்ணின் சூக்ஷ்மமான துவாரங்களே.

எளிய மூலப்பொருள்களால் ஆன இப்பானை, கம்போடியக் கிராமங்களில் வயிற்றுப்போக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று ஆராய்ச்சியில் தெரிய வந்தது. அவ்வளவு பெரிய உபகாரத்தைச் செய்யும் பொருளாதலால்தான் அதன் தோஷங்களையும் கூர்ந்து நோக்க வேண்டியிருக்கிறது.

உமி பருமனாயிருந்தால் வெற்றிடங்கள் ஒன்றோடொன்று கூடி வாய்க்காலாகிவிடும். மரத்தூள் பெரும்பாலும் எரிந்தே போக, உமியோ மணற்சத்து மிகுந்த சாம்பலை உள்ளேயே விட்டுச் செல்லும். மண்ணில் சுண்ணாம்புக் கட்டி ஒன்று தப்பியிருந்தால், சுட்ட பல நாட்களுக்குப் பின்னும் அது ஈரத்தை உறிஞ்சிப் பருத்துப் பானையைப் பிளக்கும்.

சூளையின் பரீட்சை இதனினும் கடுமையானது. ஈரம் போகுமுன் தீயை மூட்டினால் நீராவி பானையை வெடிக்கச் செய்யும். 450 பாகை செல்சியஸ் முதல் 600 பாகை வரையில் மண்ணோடு ரசாயனமாய்ப் பிணைந்த நீர் பிரிந்த பிறகே, மண் மீண்டும் சேறாகாத தன்மையை அடைகிறது. 573 பாகையில் மணலின் பருமன் திடீரென மாறுவதால், ஆறும்போது அவசரப்பட்டால் விரிசல் விழும். காற்றோட்டம் போதாவிடில் உமியின் கரி எரியாது நின்று சுவரின் நடுவைக் கறுக்கச் செய்யும். 800 முதல் 900 பாகைக்குள் பதமாய் வெந்த மண், அதற்கு வெகுவாக மேலே போனால் கண்ணாடியைப் போல் உருகித் துவாரங்களை மூடிக்கொள்ளும். ஒரே சூளையில், நெருப்பு வாயருகே இருப்பதும் மூலையில் இருப்பதும் ஒரே உஷ்ணத்தை அனுபவிப்பதில்லை என்பது குயவர் அனைவரும் அறிந்ததே.

இவ்வளவு நுட்பங்களையும், மணிக்கு 1 முதல் 3 லிட்டர் வரை வடிகிறதா என்னும் ஒரே சோதனையால் அளந்துவிடலாம் என்று பல பட்டறைகள் நம்புவதைத்தான் நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். பருமனான உமி வேகத்தைக் கூட்ட, மிகையான உஷ்ணம் அதைக் குறைக்க, இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து நல்ல பானையின் வேகத்தையே காட்டக்கூடும். பானையின் மேலே பூசும் வெள்ளியை நம்பியிருக்கவும் இயலாது; அது கிருமிகளைக் கொல்வதாயினும், நாளடைவில் கரைந்து போவது; வைரஸ்களையோ இப்பானை போதிய அளவில் தடுப்பதில்லை.

வடியும் வேகத்தைப் பார்ப்பது அவசியம். ஆனால் உமியைச் சலித்து அளந்தும், சூளையின் ஒவ்வொரு அடுக்கிலும் உஷ்ணம் காட்டும் கூம்பை வைத்தும் செய்யப்படாத பானையை, அது எத்தனை லிட்டர் வடித்தாலும், குழந்தைகள் குடிக்கும் நீருக்கு விற்கலாகாது.