நல்லாத்தானே ஓடுது?

போன வாரம் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தபோது, ரிட்டயரான பாங்க் மேனேஜர் ஒருவர் என்னை மடக்கினார்.

''என் கம்ப்யூட்டர் பத்து வருஷமா நல்லாத்தானே ஓடுது? விண்டோஸ் 10 பத்தாதுன்னு ஏன் சார் சொல்றாங்க?''

மூன்று மாடி ஏறுவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பத்து வருஷக் கம்ப்யூட்டர் இருக்கலாம் என்பதால், இங்கே சொல்கிறேன்.

முதலில் கம்பெனி சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிடுவோம். ஒவ்வொரு புது விண்டோஸுக்கும் அழகு, வேகம், சுலபம் என்று மூன்று சத்தியங்கள் செய்வார்கள். 2001-ல் எக்ஸ்பி வந்தபோது பச்சைக் குன்றும் நீல வானமும் காட்டி மயக்கினார்கள். (சார்லஸ் ஓரியர் 1996-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த நிஜப் போட்டோ அது.) 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் ஜன்னல் மூலைகளை மழுக்கி, ஸ்டார்ட் பட்டனை நடுவுக்கு நகர்த்தினார்கள். பக்கத்து வீட்டு வாசல் நடுவில் இருக்கிறது என்பதற்காக நம் வீட்டை இடிப்போமா?

தமிழர்களுக்கு மட்டும் ஒருமுறை அசல் காரணம் கிடைத்தது. விண்டோஸ் 98 காலத்தில் நீங்கள் அனுப்பிய தமிழ்க் கடிதத்தைப் படிக்க, எதிராளியிடமும் அதே ஃபான்ட் இருக்கவேண்டும். இல்லையென்றால் திரை முழுக்கப் புரியாத கிறுக்கல். விண்டோஸ் 2000-ல்தான் யூனிகோட் தமிழும் 'லதா' எழுத்துருவும் கூடவே வந்தன. எக்ஸ்பியில்கூட கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, பரணில் போட்ட சி.டி.யைத் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த மாற்றத்துக்குச் செலவழித்த காசு வீண் இல்லை.

இன்றைக்கு உருப்படியான காரணம் ஒன்றுதான். ஓட்டை.

விண்டோஸ் என்பது மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வரிகள். தப்பில்லாமல் இருக்காது. அவ்வப்போது கண்டுபிடித்து, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் ஒட்டுப் போடுகிறது. 'பேட்ச்' என்பார்கள். அதைத் திருடனும் டவுன்லோட் செய்வான். ஒட்டுப் போட்ட ஃபைலையும் போடாத ஃபைலையும் ஒப்பிட்டால், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 11-ன் பெரும்பகுதி 10-லிருந்து வந்தது. அதனால் 11-ல் அடைக்கப்படும் பல ஓட்டைகள் 10-லும் இருக்கும். 10-ஐ அடைக்க ஆள் இல்லையென்றால், திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி.

இதில் வேடிக்கை, ஆதரவு நின்ற மறுநாளும் மெஷின் முந்தைய நாள் மாதிரியே ஓடும். அதனால்தான் 'நல்லாத்தானே ஓடுது' என்று தோன்றுகிறது.

2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற சமாசாரம் உலகைச் சுற்றி வந்தது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கேட்டது. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓட்டைக்கான ஒட்டு மார்ச் 14-ம் தேதியே வெளியாகியிருந்தது! நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். பாதிக்கப்பட்ட மெஷின்களில் பெரும்பாலானவை கிழட்டு எக்ஸ்பி அல்ல. ஆதரவில் இருந்தும் யாரும் ஒட்டுப் போடாமல் விட்ட விண்டோஸ் 7. ஆகவே கேள்வி, புதுசா பழசா என்பதல்ல. ஒட்டு வருகிறதா, வந்தால் போடுகிறோமா?

கம்பெனியையும் சும்மா விடமுடியாது. 2015-ல் அதன் ஊழியர் ஒருவர் மேடையேறி, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்றார். 2025 அக்டோபர் 14-ம் தேதி அதற்கே ஆதரவை நிறுத்தினார்கள். ஓராண்டு நீட்டிப்பு உண்டு, ஆனால் கேட்டுப் பதிந்தால்தான். சரி, 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கவேண்டும். பழைய ப்ராசஸர்கள் பலவற்றைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நன்றாக உழைக்கும் மெஷினைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

என் யோசனை: உங்கள் மெஷின் 11-ஐ ஏற்றுக்கொண்டால் மாறிவிடுங்கள், இலவசம்தான். ஏற்காவிட்டால், உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்கள் பழைய மெஷினிலும் ஓடும், காசு கிடையாது, ஒட்டும் ஒழுங்காக வரும். அதுவும் வேண்டாம் என்றால், நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பாட்டு கேளுங்கள். எதைச் செய்தாலும், முதலில் குடும்பப் போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள்.

மறுநாள் மேனேஜரைப் பார்த்தேன். ''அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பண்றீங்க?''

''பென்ஷன் அக்கவுன்ட் பார்ப்பேன். ஃபிக்ஸட் டெபாசிட் போடுவேன்.''

''உங்க பாங்க்கில், லாக்கர் செஞ்ச கம்பெனியை இழுத்து மூடிட்டா என்ன பண்ணுவீங்க?''

''லாக்கரை மாத்திடுவோம். ரிஸ்க் எடுக்க முடியுமா? அடுத்தவங்க நகை!'' என்றார் சட்டென்று.

தன் பணம் என்றால்தான் நமக்கெல்லாம் அலட்சியம்.