இரு மொழித் தொட்டில்

தாய் ஒரு மொழி. தந்தை வேறு மொழி. தொட்டிலிலே கிடக்கும் குழந்தை எந்த மொழிக்கு உரியது? இவ்வினாவுக்கு விடை தேடிய நூல்களுள் முன்னோடி எனப் போற்றப்படுவது, 1913-இல் பாரிசில் வெளிவந்த ழூல் ரோன்ழாவின் நூல். இருமொழிக் குழந்தை ஒன்றின் மொழி வளர்ச்சியை ஆராயும் நூல் அது. அக்குழந்தை வேறு யாருமல்ல. ஆசிரியரின் மகன் லூயி. தந்தை பிரெஞ்சிலே பேசினார், தாய் ஜெர்மனிலே பேசினார். 'ஒருவர்க்கு ஒரு மொழி' என்று மொழியறிஞர் மொரீஸ் கிராமோன் கூறிய நெறியை இருவரும் பிறழாது பேணினர்.

நூலின் சிறப்பை முதலில் கூறிவிடுவோம். இரு மொழி கேட்டு வளர்ந்தால் பிள்ளையின் அறிவு மழுங்கும், நாக்குத் தடுமாறும் என்ற அச்சம் கற்றோரிடையேயும் நிலவிய காலம் அது. ரோன்ழா வெறும் வாதம் புரியவில்லை. மகனின் மழலையைக் கூர்ந்து கேட்டார், குறித்தார், வகுத்தார். லூயி இரு மொழியையும் இயல்பாகப் பேசினான். எவரிடம் எதைப் பேசுவது என்பதையும் அறிந்திருந்தான். ஊகத்தை உண்மை கொண்டு வீழ்த்திய உழைப்பு அது. பாராட்டுகிறோம்.

ஆனால், ஒரு வீட்டின் வெற்றியை உலகுக்கே விதியாக்கி, 'ஒருவர்க்கு ஒரு மொழி, அது போதும்' என்று பின்வந்தோர் ஓதுகின்றனரே, அதை நாம் ஏற்பதற்கில்லை.

ஏன்? அமெரிக்காவிலே வெர்னர் லியோபோல்டு 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வை இதனருகே வைத்துப் பாருங்கள். அங்கும் அதே நெறிதான். தந்தை ஜெர்மன், தாய் ஆங்கிலம். ஆனால் வாசலைத் தாண்டினால் எங்கும் ஆங்கிலம்! மகளிடம் ஆங்கிலம் ஓங்கிற்று, ஜெர்மன் ஒடுங்கிற்று. ஜெர்மனியிலே சில திங்கள் தங்கியபோது ஜெர்மன் தழைத்தது. திரும்பியதும் ஆங்கிலமே மீண்டும் அரியணை ஏறிற்று. நெறி மாறவில்லை, சூழல் மாறிற்று, விளைவும் மாறிற்று.

பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில், வேற்றுமொழியும் வழங்கும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து, அன்னிக் டி ஹவுவர் 2007-இல் வெளியிட்ட முடிவும் இதையே உரைக்கிறது. நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் அவ்வேற்றுமொழியைப் பேசவேயில்லை. பெற்றோர் ஆளுக்கொரு மொழி பேசுவது இன்றியமையாததும் அன்று. அதுவே போதுமானதும் அன்று.

ரோன்ழாவின் நூல் எழுப்பாத வினா ஒன்று உண்டு. பிரெஞ்சும் ஜெர்மனும் அரசும் பல்கலைக்கழகமும் அரண் செய்த மொழிகள். அத்தகைய அரணற்ற மொழியின் கதி என்ன? இதை அறியாதவரா ரோன்ழா? தென் பிரான்சின் ஒக்சிதான் மொழிக்கு விரிவான இலக்கணம் வகுத்தவரே அவர்தாம்! அம்மொழியைப் பேசிய பிள்ளைகளைப் பள்ளிகளிலே இழிவுச் சின்னம் தரச்செய்து தண்டித்த நாடும் அந்தப் பிரான்சுதான். ஆயினும் அவர் வீட்டுத் தொட்டிலின் இரு புறமும் ஒலித்தவை இரண்டு வல்லரசுகளின் மொழிகள். அவரைப் பழிக்க இதைக் கூறவில்லை. அவர் நூலை அளவுகோலாக்குவோர் அதன் எல்லையை அறியவேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

மொழி கலந்த மணம் புரிந்தோர்க்கு நாம் சொல்வது இதுதான். இரு மொழிக்கும் சம பங்கு என்று தராசு பிடிக்காதீர். தெருவும் பள்ளியும் எம்மொழிக்குத் துணை நிற்கின்றனவோ, அது தானே வளரும். துணையற்ற மொழிக்கே வீட்டிலே மிகுதியான இடம் தருக. அம்மொழியிலே கதை சொல்லுங்கள், பாடுங்கள், அதைப் பேசும் உற்றாரிடமும் விளையாட்டுத் தோழரிடமும் பிள்ளையைப் பழக விடுங்கள். தாயின் மொழி அடுப்பங்கரைக்கு, தந்தையின் மொழி அவைக்கு என்று வகுத்தால், பிள்ளை கற்பது இரு மொழியன்று. உயர்வு தாழ்வு என்னும் ஒரே பாடத்தைத்தான்!