ஓரடி தள்ளி நின்ற அண்ணாச்சி

டி.கே.சண்முகம் என்றால் ஔவை வேஷம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சென்னையில் சாலைக்குப் பெயர் வைத்தபோதும் ஔவையைச் சேர்த்துத்தான் வைத்தார்கள். கமல்ஹாசன் தன் நாடக ஆசானை நினைத்துப் படத்துக்கு வைத்த பெயரிலும் அந்தக் கிழவிதான் இருக்கிறாள். அந்த வேஷத்தின் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது 1961-இல் பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’. அதில் சண்முகம்தான் சுப்பிரமணிய சிவா.

சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வருகிற இடத்தைப் பாருங்கள். கூட்டமில்லை, மாலையில்லை. தொழுநோய் தின்ற உடம்போடு சிவா காத்து நிற்கிறார். எதிரே வருவது சிவாஜி. அவருக்கு எதிரில் நிற்கிற எந்த நடிகனுக்கும் குரலை ஒரு படி ஏற்றிவிடத் தோன்றும். சண்முகம் இறக்குகிறார். தொட்டுவிடக் கூடாது என்கிற கூச்சத்தில் உடம்பு பின்வாங்குகிறது, பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் முகம் முன்னே வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்தக் காட்சியில் சிவாஜி அழும்போது நமக்கும் அழுகை வருகிறதென்றால், அதற்கான இடத்தைச் சண்முகம் ஓரடி தள்ளி நின்று ஒழித்துக் கொடுத்திருக்கிறார்.

திருப்பூரில் என் நண்பர்களில் பாதிப்பேர் எம்.ஆர்.ராதா கட்சி. தொழுநோயாளி வேஷம் என்றால் ‘ரத்தக்கண்ணீர்’ மோகன்தான், மற்றதெல்லாம் அப்புறம் என்பார்கள். ராதாவின் அந்தக் கரகரத்த சிரிப்பைக் கேட்டு நானும் மிரண்டவன்தான். ஆனால் மோகன் தன் நோயை ஊர் முகத்தில் வீசுகிறவன். நோயை மறைத்துக்கொண்டு நண்பனை வரவேற்க வருகிறவர் சிவா. முதலாவதற்குத் துணிச்சல் வேண்டும், இரண்டாவதற்கு அடக்கம் வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் அரிதாகப் படுகிறது. இன்னொரு கட்சி நவாப் ராஜமாணிக்கம். என் அப்பா அந்தக் கட்சி. மேடையில் அவர் காட்டிய ஜாலங்களைச் சொல்லச் சொல்ல அப்பாவின் கண் விரியும். “உங்க சண்முகம் வெறும் பேச்சுத்தானே கண்ணு” என்பார். அந்தப் பேச்சுக்காகத்தான் அப்பா, நான் சண்முகத்தைக் கொண்டாடுகிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஓரடி தள்ளி நிற்கிற குணம்தான் சண்முகத்தைத் தலைவராகவும் ஆக்கியது என்பது என் கட்சி. 1918-இல், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் சபாவில் சேர்ந்த பிள்ளை. சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதியதே இந்தப் பிள்ளைக்காகத்தான். 1925-இல் அண்ணன் தம்பி நால்வரும் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு அந்த சபாவுக்குள் வந்து போனவர்களை எண்ணிப் பாருங்கள். என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், ஏ.பி.நாகராஜன், நம் சிங்காநல்லூர்க்காரர் எஸ்.வி.சகஸ்ரநாமம். இவர்களில் பலர் வெளியே போய்த் தனித்தனியாகக் குழு நடத்தினார்கள். தன்னிடம் பழகியவன் தனியே நிற்கும்படி வளர்த்தனுப்புவது எல்லாத் தலைவர்களுக்கும் வாய்க்காது. நல்ல கட்டிங் மாஸ்டர் தன் கையாளுக்குக் கத்தியைக் கொடுத்துவிட்டு மேஜையை விட்டு விலகி நிற்பதை நம் பனியன் கம்பெனிகளில் பார்த்திருப்பீர்கள், அதே மனசுதான்.

‘ராஜராஜ சோழன்’ 1955-இல் மேடையேறியது. அரு.ராமநாதன் எழுதிய நாடகம். சபாவின் முகமாக ஊர் அறிந்தவர் சண்முகம். ஆனால் ராஜராஜனாகக் கிரீடம் வைத்தவர் தம்பி பகவதி. அந்தக் குரலும் அந்தத் தோளும் பகவதிக்குத்தான் இருந்தன, கொடுத்தாயிற்று. இன்றைய குழுத் தலைவர் யாராவது கொடுப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. அதே நாடகத்தை 1973-இல் சினிமாஸ்கோப்பில் எடுத்தவர் இந்த சபாவில் வளர்ந்த நாகராஜன். படம் மார்ச் மாதக் கடைசியில் வந்தது. பிப்ரவரியிலேயே சண்முகம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ‘மேனகா’ நாடகத்தைப் படமாக்க 1935-இல் பணம் போட்டு ஷண்முகானந்தா டாக்கீஸ் தொடங்கியவர்கள் திருப்பூர்க்காரர்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் கதை, ராஜா சாண்டோ டைரக்‌ஷன், சகோதரர்களுக்கும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் அதுதான் முதல் படம். பஞ்சும் நூலும் பார்த்த கைகள் ஒரு நாடக சபாவை நம்பிப் பணம் இறக்கின என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

1944-இல் ஈரோட்டில் நாடகக் கலை வளர்ச்சிக்கென்றே சகோதரர்கள் மாநாடு கூட்டினார்கள். அண்ணா அதில் பேசினார். சண்முகம் கதர்க்காரர், 1931-லேயே வெ.சாமிநாத சர்மாவின் நாடகத்தை ‘தேசபக்தி’ என்று போட்டுப் பாரதி பாட்டை மேடையேற்றியவர். அண்ணாவோ ஈரோட்டுப் பள்ளியில் தேர்ந்தவர். ஆனாலும் நாடகம் என்ற பேச்சு வந்தபோது இருவரும் ஒரே பந்தலில் இருந்தார்கள். சங்கம் நடத்துவது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் ஊரில் ஒரு கலைச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போனால் வயிறு எரிகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு டெய்லரும் செக்கிங் பெண்களும் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. தலைவர் படம் பிளெக்ஸில் ஆள் உயரத்துக்கு. நடிக்கிறவர்கள் பெயர் அடியில் எறும்பு ஊர்கிற எழுத்தில். மணி பத்தரைக்கு நாடகம் தொடங்கும்போது பாதி நாற்காலி காலி. தொடங்கினாலும் வசனம் முன்பே பதிவு செய்தது, நடிகர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் குரலைக் கொண்டுபோன மேடை இது. அடுத்த ஷிப்டுக்கு எழ வேண்டிய பெண் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அந்த நிர்வாகிகளுக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ‘எனது நாடக வாழ்க்கை’யை வாங்கிக் கொடுக்கலாம். 1972-இல் வந்த புத்தகம். தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தவர் பக்கம் பக்கமாக மற்றவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள், பாட்டு வாத்தியார்கள், உடன் நடித்த பிள்ளைகள், இன்று யாரும் பெயர் அறியாத நடிகர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். யார் எந்த வேஷத்தில் நன்றாகச் செய்தார்கள் என்று நினைவு வைத்துச் சொல்கிறார். ராதா கட்சி நண்பர் ஒருவருக்குப் போன மாதம் என் பிரதியைக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை, பாதி தாண்டிவிட்டதாகச் சொன்னார்.